துணைக்கு வந்தவள்

நூல்மில் மூடியதும் மயில்சாமி பேட்டரி பொருத்தும் பயிற்சியில் சேர்ந்தார். நாற்பத்தாறு வயதில் இளவட்டங்களோடு உட்காரக் கூச்சமாக இருந்ததால் மனைவி ருக்குமணியையும் துணைக்குச் சேர்த்துவிட்டார். வீட்டுக்கு வந்தபின் அவர்தான் அவளுக்குப் பாடத்தைப் புரியவைப்பார். இருவரும் தேறினார்கள்.

ஆள் எடுக்க வந்த கம்பெனி அதிகாரி, "இந்தத் தடவை பொம்பளைங்க மட்டும் போதும்னு மேல சொல்லிட்டாங்க" என்றார்.

ருக்குமணி எழுந்துவிட்டாள். "ஏனுங் சார், நான் இவருக்குத் துணைக்கு வந்தவளுங்க. எனக்குப் பதிலா இவர எடுத்துக்கோங்க."

"அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா."

திங்கட்கிழமை கம்பெனி பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே அவள் திரும்பினாள். "நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"ஏறு புள்ள, பஸ்ஸு நிக்காது."

பஸ் போனபின் வீட்டுக்குப் போக மயில்சாமிக்குக் கால் வரவில்லை. பயிற்சி நிலைய வாசலைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். பிறகு உள்ளே போனார். புது வகுப்பு தொடங்கியிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்கதான் பாஸ் பண்ணிட்டீங்களே?" என்றார் பயிற்சியாளர்.

"ஆமாங்க. அடுத்து கம்பெனிக்காரங்க எதக் கேப்பாங்கன்னு சொல்லுங்க. இப்பவே படிச்சுக்கறேன்."

பயிற்சியாளர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். 'பேட்டரி பொருத்துதல் - முதல் பாடம்' என்று எழுதினார்.