கீறல் இல்லாத இசைத்தட்டு

"அப்பா, கண்ணை மூடுங்கோ!"

ஜேர்மனியில், ஹனோவர் நகர வீட்டில், மகேந்திரராஜாவின் மடியில் பிறந்தநாள் பரிசை வைத்தாள் மகள் சுஜானி. இத்தாலிய ராக் குழு ஒன்றின் பழைய இசைத்தட்டு. நாடுவிட்டு நாடு போகிறவர்களின் கதையை, பாடகர் இல்லாமல் வாத்தியங்களாலேயே சொல்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விரும்பிக் கேட்பதும் இதைத்தான்.

"என்னட்டை இருக்கே, பிள்ளை!"

"அதிலை கடைசித் துண்டு கீறல் எண்டு ஒவ்வொருக்காவும் இடையிலை நிப்பாட்டுறீங்கள். இதிலை கீறலே இல்லை. ஹனோவர் முழுக்கத் தேடி வாங்கினனான்."

"சரி, பிறகு கேப்பம்."

"இஞ்சாருங்கோ, பிள்ளை ஆசையா வாங்கியந்திருக்கு," என்று சிரித்தாள் மனைவி தேவமலர். "கலியாணம் கட்டின நாளிலை இருந்து முடிவைக் கேக்காத ஆள் நான். போடு பிள்ளை."

"வேண்டாமெண்டால் விடுங்கோவன்!"

அவர் எழும்புவதற்குள் சுஜானி கடைசித் துண்டில் ஊசியை வைத்துவிட்டாள். கிட்டார் மெல்ல அடங்கியது. ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் குரல், தமிழில்.

"என்ரை பேர் சுஜானி. என்ரை அப்பா மகேந்திரராஜா ஜேர்மனிக்குப் போயிட்டார். அம்மாவும் நானும் இத்தாலியிலை நிக்கிறம். அப்பா எங்களைக் கூப்பிடுவார்."

சுஜானி அட்டையைத் திருப்பி ஆண்டைப் பார்த்தாள்.

"அம்மா, நான் பிறக்கிறதுக்கு முன்னமே வந்த இசைத்தட்டு இது."

தேவமலர் கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவளுக்கு இந்தப் பேர்தான் வைக்கவேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிண்டனீங்களே... இதுக்குத்தானோ?"