ஒரே படத்தில் இரண்டு நண்டுகள்

ஓடையைச் சீர்படுத்துகிறோம் என்று கரையை வெட்டிய இயந்திரம், நண்டின் பெண்டாட்டியை வளையோடு சேர்த்துப் புதைத்துவிட்டது. தண்ணீர் தெளிந்து ஓடத் தொடங்கியதும், அதைப் படமெடுக்கும் கேமரா வந்து பாறைமேல் நின்றது. மெல்லச் சுழன்று, துண்டு துண்டாக எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நீளப் படமாக ஒட்டியது.

படத்தை எட்டிப் பார்த்த நண்டு பதறியது. "அண்ணே, கோரைப் புல்லடியில நான். வளை இருந்த இடத்துல அவ! வந்துட்டாளா?"

"இல்லப்பா, ரெண்டும் நீதான். நான் திரும்பி முடிக்கிறதுக்குள்ள நீ அங்கே ஓடிட்டே."



அடுத்த மழைக்குப் பிறகு கேமரா மறுபடியும் வந்தது. நண்டு கோரைப் புல்லடியில் காத்திருந்தது.

"அண்ணே, இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாத் திரும்புங்க. அவ இடத்துக்கு நான் ஓடிப் போய்ச் சேரணும்."