தூங்குமூஞ்சி

ஊரடங்கில் வீட்டிலேயே அடைந்து கிடக்கும் பிள்ளைகள் மனம் விட்டுப் பேசட்டும் என்று பள்ளிக்கூடம் இணையத்தில் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. சொந்தப் பெயர் வேண்டாம். ஏதாவது ஒரு பட்டப்பெயரில் எழுதினால் போதும். பதில் சொல்வது டீச்சரின் பொறுப்பு. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"வேலையா இருக்கேன்ல? அப்புறம் வா!" என்று திரும்பாமலே சத்தம் போட்டாள்.

சற்று நேரத்தில் 'தூங்குமூஞ்சி' என்ற பெயரில் ஒரு பிள்ளை எழுதியது.

"ராத்திரியெல்லாம் தூக்கமே வரல மிஸ். பாடம் எதுவும் மண்டையில ஏறல. அழுகை அழுகையா வருது."

டீச்சருக்கு மனசு உருகிவிட்டது. "அழாத கண்ணு, நான் இருக்கேன். அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லப் போனா எரிஞ்சு விழறாங்க மிஸ். மத்த பிள்ளைங்ககிட்ட மட்டும் கொஞ்சிக் கொஞ்சிப் பேசறாங்க."

டீச்சருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பெற்ற பிள்ளை இப்படித் தவிக்கும்போது, இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

"அம்மா நம்பர் குடு. நான் நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்."

நம்பர் வந்தது. கைப்பேசியை எடுத்து விறுவிறுவென்று அழுத்தியவள் பாதியில் நின்றுவிட்டாள். அது அவளுடைய நம்பர்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதற்குள் திரையில் இன்னொரு வரி வந்து விழுந்தது.

"ரொம்பத் திட்டிடாதீங்க மிஸ். அம்மா பாவம், அவங்களுக்கு நிறைய வேலை."