மூன்றாவது கோட்டுக்கு ஒரு காளை

“இது சும்மா மாடு இல்ல சாரதா. முதுகைப் பாரு, ஒரே கோடு! இப்படிக் கோடு இழுக்க ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் நாலு பேரு தேற மாட்டாங்க.”

கலியாணசுந்தரம் காளைப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இதுக்கு எதைக் கொடுத்தீங்க?” என்றாள் அவர் மனைவி சாரதாம்பாள்.

“அந்தச் சாம்பல் கலர் கோட்டை.”

“அதை அரிசிக்குப் போடுங்கன்னு சொன்னப்போ வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சீங்க. காகித மாட்டுக்குத் தூக்கிக் கொடுத்துட்டீங்களாக்கும்?”

“வயித்துக்காகக் கோட்டை வித்தான்னு ஊரு பேசவா? கலைக்குக் கொடுத்தா அது கௌரவம்.”

சாரதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போனதே சிரிப்பை மறைக்கத்தான்.

மலாய் நாட்டுக் காஜா பேராங்கில் அந்த வீட்டு முன்னறையை அக்கம்பக்கத்தார் மாட்டுக்கொட்டகை என்பார்கள். சர்வே ஆபீசில் வரைபடம் போடும் வேலை பார்த்த கலியாணசுந்தரம், சண்டைக்கு முன்பு லண்டனுக்கு எழுதிப்போட்டு, புதுக்கால ஓவியர்கள் கல்லில் வரைந்தும் மரத்தில் செதுக்கியும் அச்சிட்ட விலங்குப் படங்களை வரவழைத்துச் சேர்த்தார். முட்ட வரும் காளை, படுத்து அசைபோடும் எருது, ஆந்தை, குதிரை என்று பதினோரு படங்கள். ஜப்பான்காரன் வந்ததும் தபால் நின்றது. கூடவே அரிசியும் நின்றது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அலமாரியில் மட்டும், வெள்ளைக்காரத் துரை காலத்து ஆபீஸ் கோட்டுகள் மூன்று, பூச்சி உருண்டை வாசத்தோடு தொங்கின.

அந்தக் கோட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் சாரதாம்பாளுக்கு யோசனை பிறந்தது. படம் எப்படி அச்சாகிறது என்று கணவர் வருஷக்கணக்காக ஓதியது வீண்போகவில்லை. அவர் ஆபீசுக்குப் போனதும், பெட்டிப் பலகை ஒன்றில் காளையைச் செதுக்கினாள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினாள். மேலே காகிதத்தைப் போட்டு, கரண்டி முதுகால் தேய்த்து எடுத்தாள். எடுத்ததைச் சுருட்டிக்கொண்டு, ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருந்த அப்துல் கய்யூமிடம் போனாள்.

“பாய், எங்க வீட்டுக்காரர் கண்ணுல படற மாதிரி இதை மாட்டி வைங்க. ஏதோ துரை பங்களாவுல கிடைச்சதுன்னு சொல்லுங்க. கோட்டைத் தவிர வேற எதுக்கும் குடுத்துடாதீங்க.”

“கோட்டு எனக்கு, அரிசி உங்களுக்கு. அதானே தங்கச்சி?” சிரித்த சிரிப்பில் கய்யூமுக்குப் புரை ஏறிவிட்டது.

இப்படித்தான் மூன்று கோட்டுகளும் மூன்று காளைகளாக மாறின. அரிசி, புக்கிட் ரம்பாயில் இருக்கும் அண்ணன் கொடுத்தனுப்பியது என்று சொல்லிச் சோறு போட்டாள். “மச்சான் மகராசனா இருக்கட்டும்” என்று கலியாணசுந்தரமும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சர்வே ஆபீசின் ஜப்பானிய மேலதிகாரி இடுப்பில் வாளோடு வாசலில் வந்து நின்றார். படங்களைப் பற்றிக் கலியாணசுந்தரம் ஆபீசில் அளந்த பெருமை அவர் காதுக்கும் போயிருந்தது.

அதிகாரி மூக்கு உரசும்படி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மர அச்சிலேயே ஊறிய நாட்டுக்காரர். கரி எது, மை எது என்று தெரியாதா அவருக்கு? சாரதாம்பாள் அடுப்படிக் கதவோரம் ஒண்டிக்கொண்டாள்.

“செமுவா. திகா குனி பெராஸ்,” என்றார் அதிகாரி. எல்லாவற்றுக்கும் மூன்று மூட்டை அரிசி!

அரிசி என்றதும் பூரிக்க வேண்டிய அவள் மனசு, பதறியது. பொய்ப் படத்தை வாள்காரன் தலையில் கட்டினால் கழுத்து மிஞ்சுமா?

கலியாணசுந்தரம் குனிந்து வணங்கினார். தாமே படங்களைக் கழற்றினார். லண்டன் படங்கள் பதினொன்றையும் அடுக்கிக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவரில் கய்யூம் கடைக் காளைகள் மூன்றும் அப்படியே இருந்தன.

அதிகாரி அவற்றைச் சுட்டிக் காட்டினார். “இனி?” இதுவும்தானே என்ற கேள்வி.

“அது முடியாதுங்க துவான்,” என்று மலாயில் சொன்னார் கலியாணசுந்தரம்.

அதிகாரியின் கை வாள் பிடிக்குப் போனது. கலியாணசுந்தரம் அருகே போய், தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னார். அதிகாரி திரும்பிச் சாரதாம்பாளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, “பாகுஸ்!” என்று மெச்சி, கலியாணசுந்தரத்தின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மத்தியானமே மூன்று மூட்டை அரிசி வந்து இறங்கியது. மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சாரதாம்பாள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“உசுரே போயிருக்கும்! கடல் தாண்டி வந்த படத்தையெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டு, இந்த மூணுக்குப் போய் ஏன் மல்லுக்கட்டுனீங்க? அந்த ஆளுகிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?”

கலியாணசுந்தரம் மூன்றாவது காளையை நேராக்கியபடியே சொன்னார்: “வேற என்ன சொல்லுவேன்? ‘மத்ததெல்லாம் காசுக்கு வாங்கினது, இது என் சம்சாரம் செதுக்குனது’ன்னேன்.”