மூன்றாம் நபர்

அவள் காரை ஓரங்கட்டவில்லை. இடித்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

மொபெட் சாய்ந்து கிடந்தது. அதன் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, சாலையோரப் புழுதியில், ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார் அதை ஓட்டி வந்தவர். முழங்காலுக்குக் கீழே, வளையக்கூடாத இடத்தில் கால் வளைந்திருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் சாலை. வலப்பக்கம் அவளுடைய நாற்றுப் பண்ணை. தினமும் திரும்பும் இடம்தான். இன்று எதிரே பார்க்காமல் திருப்பிவிட்டாள்.

நடந்தது அவ்வளவுதான்.

நூற்றெட்டுக்கு அழைத்தாள். இடத்தைச் சரியாகச் சொன்னாள்.

ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அவர் பெயர் திருமூர்த்தி என்று யாரோ சொன்னார்கள். தென்னை ஏறுபவர். தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அரிவாள் இன்னும் இடுப்பிலேயே இருந்தது.

டீக்கடைக்காரர் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். "பேசி முடிச்சுக்கலாமுங்க. கையில இருக்கறதக் குடுத்துட்டு நீங்க கெளம்புங்க. போலீஸ் வந்தா உங்களுக்குத்தான் அலைச்சல்."

போனில் மகுடேஸ்வரனும் அதையேதான் சொன்னான். அவள் கணவன். "கேஸுகீஸுன்னு போயிராத. அவரு குறுக்க வந்துட்டாருன்னு சொல்லு. இல்லாட்டி ஏதாச்சும் குடுத்து முடி. நோ க்ளெய்ம் போனஸ் வேற போயிரும், அடுத்த வருஷம் ப்ரீமியத்துல தள்ளுபடி கெடைக்காது."

"பம்பர நம்ம காசுல மாத்திக்கலாம். அதுக்குக் கம்பெனியில கேக்கலீன்னா போனஸ் போகாது."

"அப்பறம் இன்சூரன்ஸ் எதுக்கு?"

"அவருக்கு."

போனை வைத்துவிட்டாள்.

போன வைகாசியில் இன்சூரன்ஸைப் புதுப்பித்தபோது, எதற்குக் கட்டுகிறோம் என்று ஏஜெண்டிடம் கேட்டிருந்தாள். இதுவரை யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்று அவர் சிரித்தார். பிறகு நிதானமாகவே சொன்னார்.

"ரெண்டு பங்குங்க. ஒண்ணு உங்க வண்டிக்கு. எங்கியாச்சும் மோதுனா, வெள்ளத்துல போனா, களவு போனா. அது உங்க இஷ்டம், போடலாம், விடலாம். இன்னொண்ணு தேர்ட் பார்ட்டி, உங்க வண்டியால அடிபட்டவங்களுக்குக் கம்பெனி குடுக்கறது. அது இல்லாம வண்டிய ரோட்டுல எறக்கவே கூடாது."

"யாருங்க அந்த தேர்ட் பார்ட்டி?"

"நீங்க ஒருத்தரு. கம்பெனி ஒண்ணு. மூணாவது, ரோட்டுல போற யாரோ."

அந்த யாரோ இப்போது புழுதியில் உட்கார்ந்து, உதட்டைக் கடித்து வலியை அடக்கிக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கேஸெல்லாம் வேண்டாமுங்க அம்மிணி" என்றார் திருமூர்த்தி. "என்ற வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லீங்க. என்னையத்தான் புடிப்பாங்க."

"அதுக்கு அபராதம் வந்தா வரும். அது வேற. இது என்ற வண்டி இன்சூரன்ஸுல இருக்கறதுங்க. உங்களுக்குன்னு இருக்கறது."

அவர் நம்பவில்லை. கண்ணிலேயே தெரிந்தது.

"இப்ப நான் குடுக்கறது ஒரு மாசத்துல தீந்துரும். இந்தக் கால் எப்ப மரம் ஏறும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேஸ் போட்டு, கோர்ட்டுக்குப் போனா, ஏற முடியாத நாளுக்கும் சேத்து இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டக் கேக்கலாம்."

திருமூர்த்தி தன் காலைப் பார்த்தார். அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை.

பிறகு அரிவாளை இடுப்பிலிருந்து எடுத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தார்.

ஆம்புலன்ஸில் அவளும் ஏறிக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில், வாசலை ஒட்டி, ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவள் நேராக அவரிடம் போனாள். காரின் நம்பரைச் சொன்னாள். லைசென்ஸை எடுத்து வைத்தாள்.

"வண்டி ஓட்டுனது யாருங்க?"

"நான்தான்."

"தப்பு யாரு மேல?"

"நான் எதுக்க பாக்காமத் திருப்பிட்டேன்."

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "இப்படிச் சொன்னா உங்க மேலதான் கேஸ் வரும். தெரியுமுங்களா?"

"தெரியும். எழுதுங்க."

அவர் எழுதினார்.

வராந்தா பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாசாணி வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்தாள். திருமூர்த்தியின் மனைவி. தலையில் துண்டுக்கட்டு. கையெல்லாம் தேங்காய் நார்த்தூள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"எவன் இடிச்சது? இடிச்சுப்போட்டு ஓடிட்டானா?"

பெஞ்சிலிருந்து அவள் எழுந்து நின்றாள். "நான்தானுங்க இடிச்சது. ஓடலீங்க."

மாசாணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். புழுதி ஒட்டிய சேலையை. சிவந்த கண்ணை. திட்டத்தான் வாயெடுத்தாள். திட்டாமல், தலைத்துண்டை அவிழ்த்துக் கையிலிருந்த நார்த்தூளைத் துடைத்தாள்.

பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தாள்.

இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள்.

"திருமூர்த்தி கூட இருக்கறது யாரு?"

இருவருமே எழுந்தார்கள்.