அறுபது கிராம்

“இப்ப வாயைத் திறக்காதே. முதல்ல அப்பா பட்டனை அமுக்கட்டும்” என்று அடுப்படியில் மகளின் காதைக் கடித்தாள் அம்மா.

கப்பல் இஞ்சின் படிப்புக்கு மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பா கையெழுத்துப் போட்ட படிவம் இன்றைக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் சாப்பாட்டு நேரம் தவிர அவர் வீட்டில் தங்குவதில்லை. அந்த நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்து, தட்டைத் தொடாமலேயே லேத் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். மூன்று முறை ஆகிவிட்டது.

இந்த முறை அம்மா நம்பியிருந்தது அவர் இடுப்பில் இருந்த இன்சுலின் பம்ப்பை. வீட்டில் அதற்குப் பெயர் மேஸ்திரி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சர்க்கரையைப் பார்த்து, ஏறினால் மருந்தைக் கூட்டி, இறங்கினால் தானே நிறுத்திக்கொள்ளும் கெட்டிக்காரன். தினம் நாலு ஊசி குத்திக்கொண்டிருந்த மனிதரை நிம்மதியாக நடமாட வைத்த புண்ணியவான். எத்தனை கிராம் மாவுச்சத்து சாப்பிடப் போகிறார் என்பதை மட்டும் அவர்தான் பட்டனை அமுக்கி அதற்குச் சொல்ல வேண்டும். சொன்னதும் சாப்பாட்டுக்கான மருந்து உள்ளே போய்விடும். போன மருந்தை மேஸ்திரியாலும் திரும்ப எடுக்க முடியாது; அப்புறம் சாப்பிடாமல் எழுந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம்தான்.

வழக்கமாகத் தட்டில் விழுந்ததை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அமுக்குவார். இன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “மாவுச்சத்து அறுபது கிராம்” என்று முணுமுணுத்து அமுக்கிவிட்டார்.

“நமக்கு நல்ல நேரம்டி. போ!”

அவர் இரண்டு வாய் சாப்பிட்டதும் மகள் படிவத்தைத் தட்டருகே வைத்தாள். அவர் முகம் சிவந்தது.

“எட்டு மாசம் கடல்ல கிடப்பியா? நடுக்கடல்ல இஞ்சின் மக்கர் பண்ணினா யாரைக் கூப்பிடுவே?”

“என்னைத்தான்ப்பா கூப்பிடுவாங்க.”

“வாய் ரொம்ப நீளுது!” என்று பாதி எழுந்தார்.

“மேஸ்திரி!” என்று அம்மா அவர் இடுப்பைக் காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மகள் விடவில்லை. “மெஷின் சத்தத்தை வெச்சே கோளாறு எங்கேன்னு கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே? இடுப்புல இருக்கிற மேஸ்திரியை நம்பி உயிரையே ஒப்படைச்சிருக்கீங்க. என்னை நம்பக் கூடாதாப்பா?”

அவர் மெதுவாக மென்று, தட்டைக் காலி செய்து, கை கழுவிக்கொண்டு வந்தார்.

“பேனா எங்கே?”

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “எல்லாம் மேஸ்திரி புண்ணியம்! எப்படிப் பிடிச்சு உட்கார வெச்சேன் பாத்தீங்களா?”

“நீயா உட்கார வெச்சே?” கையெழுத்துப் போட்டபடியே சிரித்தார் அவர். “படிவத்துக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்னு காலேஜ்லேருந்து காலையிலேயே எனக்குப் போன் வந்துடுச்சு. இன்னிக்காவது இவ பேச்சை முழுசாக் கேக்கணும்னுதான், எழுந்து ஓட முடியாதபடி வாசல்லயே பட்டனை அமுக்கிட்டு உள்ளே வந்தேன்.”