ஊசி போடாத விரல்

தோல் தொழிற்சாலையில் திங்கட்கிழமைதோறும் தொழிலாளர் எல்லோருக்கும் ஊசி. நொறுங்கிய செல்கள் உடம்பை உதவிக்குக் கூப்பிடும் ரசாயனக் குரலை அது ஒரு வாரத்துக்கு அடைத்துவிடும். குரல் கேட்காவிட்டால் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆகவே லீவும் இல்லை.

அம்சவேணியின் வலது காலில் கனத்த தோல் கட்டு ஒன்று விழுந்து நான்கு நாளாகிறது. ஆலை மருத்துவர் ரகோத்தமன் டேப்பை எடுத்து இரண்டு பாதங்களையும் அளந்தார்.

“ரெண்டும் ஒரே அளவுதான். வேலைக்குப் போ.”

“வெரல் கறுத்துப் போச்சு சார். நாத்தம் வருது. என் பொண்ணு பக்கத்துல படுக்க மாட்டேங்குது.”

“ரூல்ல நாத்தம் கிடையாது. வீக்கம்தான் கணக்கு.”

“காலு உள்ளயே சாவுது சார். அது கத்துனாலும் ஒடம்புக்குக் கேக்காம அடைச்சு வெச்சிட்டீங்க.”

“அடுத்த ஆளக் கூப்பிடு.”

அவர் டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்தார். அந்தக் கையின் கட்டைவிரல் நகத்தோரம் சிவந்து, பளபளவென்று உப்பியிருந்தது. அம்சவேணி அதையே பார்த்தாள்.

“நகச்சுத்தியா சார்?”

“ஆமா. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“உங்களுக்கு மட்டும் எப்பிடி சார் வீங்குது?”

மருத்துவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அம்சவேணி டேப்பை எடுத்துப் பிரித்தாள்.

“கையைக் குடுங்க சார், அளந்துடலாம்.”